படத்தைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில், நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்க வாழ்க்கையைக் காட்டும் பழைய படங்களையும் கடிதங்களையும் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். ஒரு பஞ்சாலைச் சிறுமியின் படமும் கூடவே வந்திருந்தது. அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முடிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

*அந்தப் பஞ்சாலைச் சிறுமியின் படத்தைப் பார்த்ததும் என் மகள், "இவளுக்கு அப்புறம் என்ன ஆச்சும்மா?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா?* (திருப்பூர்)

தெரியும். தெரிந்ததே பெரிய கதை. 1910 ஆகஸ்டில் வெர்மான்ட் மாநிலத்தில் நார்த் பௌனல் என்ற சின்ன ஊரின் பஞ்சாலையில் லூயிஸ் ஹைன் என்ற படக்காரர் எடுத்த படம் அது. இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். ஒரு கையை நூற்பு இயந்திரத்தின் மேல் சாய்த்தபடி, அழுக்கேறிய மேலங்கியும் வெறும் காலுமாக நிற்கிறாள், கண் மட்டும் நேராக நம்மைப் பார்க்கிறது. படத்துக்கு ஹைன் எழுதி வைத்த குறிப்பின் சாரம் இது: மில்லில் இருக்கும் பெண்கள் இவளுக்குப் பத்து வயது என்கிறார்கள், பன்னிரண்டு என்று இவளே ஒப்புக்கொண்டாள், பள்ளிக்கூட லீவில் வேலைக்கு வந்தவள் இனி இங்கேயே 'இருக்கப்' போகிறாளாம். 'இருக்க' என்பதற்கு உரிய சொல்லை மட்டும் அவர் மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறார். அது அவள் வாயிலிருந்து வந்த சொல். எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அந்த இடத்தில் நின்றுவிடத் தோன்றும்.

அவள் பெயர் ஆடி கார்ட். ஆனால் பல வருடங்களாகப் பல இடங்களில் 'ஆடி லேர்ட்' என்றே அச்சாகிவந்தது. பெயர் தப்பாக இருந்தால் யாரைத் தேடுவது? 1998-ல் அமெரிக்கத் தபால் துறை அந்தப் படத்தைத் தபால்தலையாகவே வெளியிட்டது, அப்போதும் அவள் யார் என்று வெளியே தெரியாது. பிறகு ஒரு எழுத்தாளர் பழைய மக்கள்தொகைக் கணக்கு ஏடுகளைத் துழாவிச் சரியான பெயரைப் பிடித்தார், இன்னொரு ஆய்வாளர் அங்கிருந்து நூல் பிடித்தாற்போல் போய் அவள் குடும்பத்தையே கண்டுபிடித்துவிட்டார். ஆடி கல்யாணம் செய்து, தொண்ணூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, 1993-ல் காலமானார். தன் படம் இவ்வளவு பேர் பார்த்த படம் என்பதோ, தன் முகம் தபால்தலையில் வரப்போகிறது என்பதோ அவருக்குத் தெரியவே தெரியாது. உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அந்தச் சிறுமி நன்றாக வயதான பாட்டியாகித்தான் போனாள்.

*குழந்தைகளை வேலைக்கு வைத்திருந்த முதலாளிகள் கேமராக்காரரை எப்படி உள்ளே விட்டார்கள்? இந்தப் படங்களால் ஏதாவது நடந்ததா?* (ராஜபாளையம்)

விடவில்லை. அதனால்தான் ஹைன் வேஷம் போட்டார். ஒரு இடத்தில் பைபிள் விற்பவர், ஒரு இடத்தில் அஞ்சலட்டை விற்பவர், ஒரு இடத்தில் தீயணைப்புப் பரிசோதகர், இன்னொரு இடத்தில் இயந்திரங்களைப் படமெடுக்க வந்தவர். இயந்திரத்தின் பக்கத்தில் அளவுக்காக ஒரு பிள்ளையை நிற்கச் சொல்வார், அவ்வளவுதான், வந்த வேலை முடிந்துவிடும். தரையிலிருந்து தன் கோட்டின் ஒவ்வொரு பொத்தானும் எவ்வளவு உயரம் என்று அளந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பிள்ளை பக்கத்தில் நின்றால் எந்தப் பொத்தான் வரை வருகிறது என்று பார்த்து உயரத்தைக் கணக்குப் போட்டு, பாக்கெட்டுக்குள் கையை விட்டு அங்கேயே சின்ன நோட்டில் குறித்துக்கொள்வார். பெயர், வயது, எத்தனை மணி நேர வேலை, என்ன கூலி என்று கேட்டதையெல்லாம் எழுதினார். கையில் இருந்தது கண்ணாடித் தகடு போடும் பெட்டிக் கேமரா, வெளிச்சத்துக்கு மக்னீசியப் பொடி. இதையெல்லாம் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்.

அவர் முதலில் நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர். 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக வேலை செய்தார். 1900 மக்கள்தொகைக் கணக்கின்படி 10 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளில் சுமார் 17.5 லட்சம் பேர் வேலையில் இருந்தார்கள், அதாவது ஆறில் ஒருவர். நிலக்கரிச் சுரங்கத்தில் கல் பொறுக்கும் பையன்கள், மில்லில் நிரம்பிய பாபினைக் கழற்றி வெறும் பாபினை மாட்டும் டாஃபர் பையன்கள், இறால் உரிக்கும் நாலு வயது ஐந்து வயதுப் பிள்ளைகள். ஹைன் அந்தக் குழுவுக்காக எடுத்த சுமார் 5,100 படங்கள் இப்போது வாஷிங்டனில் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன.

நடந்ததா என்றால், நடந்தது, ஆனால் இழுத்து இழுத்து. 1916-ல் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1918-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வட கரோலினாவில் ஒரு மில்லில் வேலை செய்த தகப்பன், 'என் பையன்கள் வேலைக்குப் போக உரிமை வேண்டும்' என்று தொடுத்த வழக்கு அது. ஜெயித்தார்கள். சில வருடம் கழித்து அந்தப் பையன்களில் ஒருவனை ஒரு பத்திரிகையாளர் தேடிப் போய்ப் பார்த்தபோது, வளர்ந்த ஆள், எடை 105 பவுண்டு, அதாவது 48 கிலோகூட இல்லை, படிப்பும் இல்லை. ஜெயிக்காமல் இருந்திருந்தால் தனக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று அவனே சொன்னான். நிலைத்து நின்ற சட்டம் 1938-ல்தான் வந்தது. ஹைன் அதைக் கண்ணால் பார்த்தார் என்பது ஒரு ஆறுதல். ஆனால் கடைசிக் காலத்தில் அவருக்குப் படமெடுக்கும் வேலை கிடைக்கவில்லை, வீடும் கையை விட்டுப் போய், 1940-ல் வறுமையில் இறந்தார். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

*அந்தக் காலப் படங்களில் ஏன் யாருமே சிரிப்பதில்லை? அசையாமல் நிற்க வேண்டும் என்பதாலா?* (திண்டுக்கல்)

1840-களுக்கு அந்தக் காரணம் பொருந்தும். 1900-க்குள் ஒரு நொடிக்குள்ளேயே படம் எடுக்க முடிந்தது, அதனால் இந்தக் காலத்துக்குப் பொருந்தாது. ஸ்டுடியோவுக்குப் போவது ஒரு காரியம், நல்ல துணி உடுத்தி, காசு கொடுத்து, தலைமுறைக்கும் இருக்கப்போகிற ஒன்றுக்காக உட்காருவது. ஓவியத்துக்கு எப்படி உட்கார்ந்தார்களோ அப்படியே கேமராவுக்கும் உட்கார்ந்தார்கள். அதே ஆட்கள் வீட்டுக் கொல்லையில் எடுத்துக்கொண்ட படங்களைப் பாருங்கள், பல் தெரியச் சிரிப்பார்கள்.

*கொல்லைப்புறப் படமா? சாதாரண ஜனங்களிடம் கேமரா இருந்ததா? செலவு அதிகம் இல்லையா?* (கும்பகோணம்)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். 1900-ல் கோடாக் கம்பெனி பிரவுனி என்று ஒரு அட்டைப் பெட்டிக் கேமராவை விட்டது. விலை ஒரு டாலர். ஆறு படம் எடுக்கும் ஃபிலிம் 15 சென்ட். பிள்ளைகள்கூட வாங்கினார்கள். 1903-ல் மடக்குகிற மாதிரி இன்னொரு கேமரா வந்தது, அதன் ஃபிலிம் சரியாக ஒரு அஞ்சலட்டை அளவு. எடுத்த படத்தை, பின்னால் 'அஞ்சலட்டை' என்று முன்கூட்டியே அச்சிட்ட போட்டோ காகிதத்தில் நேராகப் பிரிண்ட் போட்டு, ஒரு சென்ட் தபால்தலை ஒட்டி அனுப்பிவிடலாம். புதிதாகக் கட்டிய வீடு, பிறந்த குழந்தை, வாசலில் நிற்கும் மாடு, தெருவில் விழுந்த மரம், எல்லாமே அட்டையாகப் போயிற்று. 1908 ஜூனில் முடிந்த ஒரு வருடத்தில் மட்டும் 67 கோடிக்கு மேல் அஞ்சலட்டைகள் போயின (கடையில் விற்ற அச்சு அட்டைகளையும் சேர்த்து). நாட்டின் ஜனத்தொகையே 9 கோடிக்குள்தான்.

ஒரு அட்டை கையில் கிடைத்தால் நான் முதலில் அதைத் திருப்பித்தான் பார்ப்பேன். 1907 மார்ச் 1-க்கு முன்னால் முகவரிப் பக்கத்தில் முகவரியைத் தவிர வேறு எதுவும் எழுதக் கூடாது, அதனால் சேதி முழுவதும் படத்தின் ஓரத்திலேயே பொடி எழுத்தில் நெருக்கியடித்துக் கிடக்கும், சில சமயம் ஆளின் காலைச் சுற்றி, வானத்தின் மேல்கூட எழுதியிருப்பார்கள். அந்தத் தேதிக்கு அப்புறம் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு வந்தது, இடது பக்கம் சேதி, வலது பக்கம் முகவரி. அடுத்து, தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். 'அஸோ' என்று காகிதத்தின் பெயர் இருந்து, நாலு மூலையிலும் உள்ள முக்கோணம் எல்லாம் மேலே பார்த்திருந்தால் பொதுவாக 1904-லிருந்து 1918 வரை. இரண்டு மேலேயும் இரண்டு கீழேயும் பார்த்தால் 1918-க்கு அப்புறம். ஆள் பெயரே இல்லாத அட்டைக்குக்கூட இப்படி வயது சொல்லிவிட முடிகிறது.

*குழந்தைகளுக்கே ஸ்டாம்ப் ஒட்டித் தபாலில் அனுப்பினார்களாமே! தபால்காரர் பையில் குழந்தையை வைத்திருக்கும் படம் வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா?* (நாகர்கோவில்)

படம் சும்மா எடுத்தது, சேதி நிஜம். தபால்காரர் பையில் குழந்தை எட்டிப்பார்க்கும் அந்தப் படம் வேடிக்கைக்காக நிற்க வைத்து எடுத்தது என்று, அதை வைத்திருக்கும் ஸ்மித்சோனியன் நிறுவனமே சொல்கிறது. ஆனால் 1913 ஜனவரி 1-ல் பார்சல் தபால் தொடங்கிய அதே மாதம் ஒஹாயோவில் ஒரு தம்பதி தங்கள் கைக்குழந்தையை ஒரு மைல் தூரத்தில் இருந்த பாட்டி வீட்டுக்கு 15 சென்ட் கொடுத்து அனுப்பினார்கள், 50 டாலருக்குக் காப்பீடும் செய்தார்கள். 1914 பிப்ரவரியில் ஐடஹோவில் ஆறு வயது நிரம்பப்போகிற ஒரு சிறுமியின் கோட்டில் 53 சென்டுக்குத் தபால்தலை ஒட்டி, ரயிலின் தபால் பெட்டியில் ஏற்றி, பாட்டி ஊருக்கு அனுப்பினார்கள். பார்சல் அப்போது 50 பவுண்டு வரை போகலாம், அவள் எடை அதற்குச் சற்றே கீழே. ரயில் டிக்கெட்டை விட அது மலிவு. பிள்ளையைப் பையில் போட்டுக் கட்டவில்லை, தெரிந்த தபால் ஊழியர் பார்த்துக்கொண்டே கூட்டிப்போனார். கிராமத்து ஜனங்களுக்குத் தபால்காரர் எவ்வளவு நம்பிக்கையான ஆள் என்பதுதான் எனக்கு இதில் தெரிகிறது. சீக்கிரமே தபால் துறை இதை நிறுத்திவிட்டது.

*படங்களைப் பற்றியே அதிகம் எழுதுகிறீர்கள். கடிதங்களில் உங்களை உலுக்கியது எது?* (மதுரை)

மூன்றைச் சொல்கிறேன், வரிசை எல்லாம் இல்லை.

1906 ஏப்ரல் 18 விடியற்காலை 5.12-க்கு சான்ஃபிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம், பின்னாலேயே மூன்று நாள் தீ. ஊரில் பேப்பர் கிடையாது, ஸ்டாம்ப் கிடையாது. தபால் ஊழியர்கள் ஈரச் சாக்கால் அடித்தே தபால் நிலையத்தைத் தீயிலிருந்து காப்பாற்றினார்கள், அப்புறம் ஸ்டாம்ப் இல்லாத கடிதத்தையும் எடுத்துக்கொள்வோம் என்று அறிவித்தார்கள். ஜனங்கள் கிழிந்த அட்டையில், பத்திரிகை ஓரத்தில், சட்டையிலிருந்து தனியாகக் கழற்றும் காலரில், கைப்பட்டியில் எல்லாம் 'உயிரோடு இருக்கிறோம்' என்று எழுதிக் கொடுத்தார்கள், அத்தனையும் போய்ச் சேர்ந்தது. காலரில் முகவரி எழுதிய ஒரு கடிதத்தைக் கையில் வாங்கும் தாய் எப்படி இருந்திருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். அதே நாளில் ஆர்னால்ட் கென்தே என்ற படக்காரர், தன் கேமராக்கள் எல்லாம் நொறுங்கிப்போனதால், தெரிந்த கடைக்காரரிடம் போய் ஒரு கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு, எரியும் தெருவைப் படமெடுத்தார். ஜனங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீயைப் பார்த்துக்கொண்டிருக்கும் படம் அவர் எடுத்ததுதான்.

இரண்டாவது, 'சிகாகோ டிஃபெண்டர்' என்ற கறுப்பின மக்களின் பத்திரிகைக்குத் தெற்கு மாநிலங்களிலிருந்து 1916, 1917 வாக்கில் போன கடிதங்கள். ரயிலில் வேலை பார்த்த கறுப்பினப் பணியாளர்கள் அந்தப் பத்திரிகையை ரகசியமாகத் தெற்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதைப் படித்தவர்கள் எழுதினார்கள்: வடக்கே வந்தால் என்ன வேலை கிடைக்கும், டிக்கெட்டுக்கு முன்பணம் தருவார்களா, நான் தச்சு வேலை அறிந்தவன், என் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்குமா. சிலர், இதைப் பத்திரிகையில் போட்டுவிடாதீர்கள், இங்கே நாங்கள் கிசுகிசுவென்றுதான் பேசிக்கொள்கிறோம், வெள்ளைக்காரர்கள் கோபமாக இருக்கிறார்கள் என்று கெஞ்சுகிறார்கள். எமெட் ஸ்காட் என்பவர் இந்தக் கடிதங்களைத் திரட்டி 1919-ல் ஒரு வரலாற்று இதழில் அச்சிட்டார், எழுத்துப் பிழையைக்கூடத் திருத்தாமல். திருத்தியிருந்தால் அந்தக் குரல் போயிருக்கும்.

மூன்றாவது எனக்கு நெருக்கமானது, ஏனென்றால் அதுவும் இந்த மாதிரி ஒரு கேள்வி பதில் பகுதிதான். நியூயார்க்கில் ஈடிஷ் மொழியில் வந்த 'ஃபார்வர்ட்ஸ்' நாளிதழ் 1906 ஜனவரியில் 'பின்டல் பிரீஃப்' என்று ஒன்றைத் தொடங்கியது. 'ஒரு கட்டுக் கடிதம்' என்று அர்த்தம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து ஒண்டுக் குடித்தனத்தில் இருந்த யூதக் குடும்பங்கள் அதில் எழுதின, ஆசிரியர் ஆப்ரஹாம் கஹான் பதில் சொன்னார். எழுதத் தெரியாதவர்கள் அலுவலகத்துக்கே வந்து சொல்லச் சொல்ல ஆட்கள் எழுதிக்கொண்டார்கள். அதே பத்திரிகை இன்னொன்றும் செய்தது: மனைவி மக்களை விட்டு ஓடிப்போன கணவன்மார்களின் படங்களை வரிசையாக, பெயரோடு அச்சிட்டது. அந்தப் பெண் கையில் இருந்தது ஒரே ஒரு படம், அனேகமாகக் கல்யாணப் படம். அதை எடுத்துக்கொண்டு போய்ப் பத்திரிகையில் கொடுத்திருக்கிறாள்.

*எல்லாம் பழைய பொற்காலம் மாதிரி அழகாக இருக்கிறது. அந்த நாட்டின் கொடுமைகளை ஏன் எழுதவில்லை?* (விழுப்புரம்)

நியாயமான கேள்வி, போன தடவை விட்டது என் தவறு. நான் மேலே சொன்ன அதே அஞ்சலட்டைக் காகிதத்தில்தான், கறுப்பின மனிதர்களைக் கும்பல் கூடிக் கொன்ற படங்களையும் பிரிண்ட் போட்டு விற்றார்கள். பின்பக்கத்தில் ஊருக்குச் சேதி எழுதி அனுப்பினார்கள். படத்தில் சுற்றி நிற்பவர்கள் முகத்தை மறைக்கவில்லை, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. 1920 ஜூன் 15-ல் மின்னசோட்டாவின் டுலூத்தில் மூன்று இளைஞர்களை அப்படிக் கொன்றார்கள், அதற்கும் அட்டை வந்தது. 2003-ல் அதே தெருச் சந்திப்பில் அந்த மூவருக்கும் நினைவிடம் கட்டியிருக்கிறார்கள்.

இதற்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டிய படங்களும் உண்டு. 1900 பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு டபிள்யூ.இ.பி. டு போய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் ஜார்ஜியா மாநிலத்தின் கறுப்பின மக்களைக் காட்டும் 363 படங்களை ஆல்பங்களாகக் கொண்டுபோனார். மருத்துவர், மாணவி, கடைக்காரர், பியானோ முன்னால் உட்கார்ந்த குடும்பம். ஒரு பெண்ணின் கழுத்துப்பட்டி இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருக்கும், பார்வை நிமிர்ந்திருக்கும். அந்த முகங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆல்பத்தில் பெயர் இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

*இந்தப் படங்களை எங்கே பார்க்கலாம்? காசு கட்ட வேண்டுமா?* (ஈரோடு)

வேண்டாம். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையதளத்தில் ஹைன் பெயரைப் போட்டுத் தேடுங்கள், பெரிய அளவிலேயே இறக்கிக்கொள்ளலாம். அமெரிக்காவில் வெளியாகி 95 வருடம் கடந்தவற்றுக்குக் காப்புரிமை இல்லை. இன்னொன்று, 2008-ல் அந்த நூலகம் பழைய செய்திப் படங்களை ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் போட்டு, தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்டபோது, எங்கெங்கோ இருந்தவர்கள் ஆளையும் இடத்தையும் தேதியையும் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நீங்களும் சொல்லலாம்.

*நம் பக்கத்துக்கும் இந்தக் கடிதங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?* (வேலூர்)

வேலூரிலிருந்து இதைக் கேட்கிறீர்களே! ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்து, அமெரிக்காவில் 1899-ல் மருத்துவம் முடித்து, உங்கள் ஊருக்கே திரும்பி வந்த ஐடா ஸ்கடரின் கடிதங்களும் குடும்பப் படங்களும் ஹார்வர்டில் ஷ்லெசிங்கர் நூலகத்தில் இருக்கின்றன. 1816-ல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-ல் மதுரைக்கும் வந்த அமெரிக்க மிஷன்காரர்கள் பாஸ்டனுக்கு எழுதியவை அதே ஹார்வர்டில் ஹௌட்டன் நூலகத்தில். அவர்கள் தங்கள் ஊருக்கு எழுதிய கடிதம்தான், ஆனால் எழுதியிருப்பது நம் மழையையும் பஞ்சத்தையும் காலராவையும்.

*எங்கள் வீட்டுப் பரணில் ஒரு டப்பா நிறைய பழைய படங்கள். பாட்டிக்கு 88 வயது, அவருக்குத்தான் எல்லாரையும் தெரியும். பின்னால் பேனாவில் பெயர் எழுதலாமா?* (காரைக்குடி)

பால்பாயிண்ட் பேனா வேண்டாம். அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், மையும் நாளாக நாளாக ஊறி வரும். மெத்தென்ற பென்சில் போதும். சுத்தமான மேஜையில் படத்தைக் கவிழ்த்து வைத்து, ஓரமாக, அழுத்தாமல் எழுதுங்கள். வழவழப்பான புதுக் காகிதத்தில் பென்சில் பிடிக்காது, அதற்கு ஒரு கவரில் போட்டுக் கவர் மேல் எழுதுங்கள். செலோடேப், ரப்பர் பேண்ட், ஒட்டும் ஆல்பம் எதுவும் கூடாது. ஆனால் இதெல்லாம் அடுத்த வாரம் செய்யலாம். பாட்டி மத்தியானம் தூங்கி எழுந்ததும் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எண் போட்டு, போனில் பேச்சைப் பதிவு செய்துகொண்டே 'இது யாரு பாட்டி?' என்று கேளுங்கள். பெயரோடு ஊரையும் உறவு முறையையும் கேட்க மறக்காதீர்கள்.